வெட்கம் யாருக்கு?

சீவலப்பேரிக்குச் சென்றிருந்தோம். பொதிகையிலே பிறந்து வரும் பொருநையோடு, குற்றால மலையிலே பிறந்த சிற்றாறு வந்து கலக்கும் ஊர் அது. வடக்கிலிருந்து கயத்தாறும் வந்து சேர்வதால் முக்கூடல் என்று பெயர் பெற்ற இடம். முக்கூடற்பள்ளு பிறந்த மண் என்று புலவர் பெருமக்கள் பூரித்துப் பேசும் இடம். நாம் புலவர் விழாவுக்குப் போகவில்லை. ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்குப் போனோம். விழா முடிந்து ஆற்று மணலில் அமர்ந்திருந்தபோது, இருளிலே ஓர் இளைஞர் வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். கூட்டத்துக்கு வரவில்லையே என்று கேட்டோம்.

"வெளிச்சத்தில் வருவதில்லை அண்ணாச்சி. பார்க்கிறவர்களெல்லாம், எப்போது வேலைக்குத் திரும்பப் போகிறாய் என்று கேட்கிறார்கள். எத்தனை நாளைக்கு விடுமுறை என்று சொல்லிக்கொண்டிருப்பது?"

களவு செய்தவன் இரவிலே நடமாடுவான் என்பார்கள். இவர் செய்த களவு யாது? வேலையை இழந்தார். அவ்வளவுதான்!

இயந்திரத் தொழிலிலே பட்டயம் பெற்றவர் அவர். வடக்கே ஒரு தொழில் நகரில், ஓர் ஆலையில், கடைசல் இயந்திரத்தின் முன் ஆறாண்டு நின்று உழைத்தவர். வெளிநாட்டு ஆர்டர் குறைந்தது. ஆட்களைக் குறைக்க முடிவு செய்தார்கள். மேலாளர் ஒவ்வொருவராக அழைத்தார், கனிவாகப் பேசினார். "நாங்கள் நீக்கினோம் என்றால் உன் பெயர் கெட்டுவிடும், தம்பி. நீயே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிடு. அடுத்த இடத்தில் எளிதாக வேலை கிடைக்கும்" என்றார். தாளும் தயார், பேனாவும் தயார். 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற மூன்று சொற்களை எழுதி, கீழே கையொப்பமிட்டுவிட்டு, அன்றிரவே ஊருக்கு வண்டி ஏறினார். ஒரே நாளில் அவ்வாறு கையொப்பமிட்டவர் நாற்பது பேர்!

வீட்டிலே என்ன நடந்தது? ஏழரைச் சனி என்றார் சோதிடர். திருநள்ளாறு சென்று வந்தனர். கடன் வாங்கிச் சென்று வந்தனர். தாயின் நெஞ்சத்தை நாம் பழிக்கவில்லை. மகனின் முகத்திலே ஒளி மங்குவதைக் கண்டு பொறுக்காத தாய், கையில் அகப்பட்ட கொம்பைப் பற்றிக்கொள்கிறாள். ஆனால் அறிவைக் கொண்டு ஒரு கேள்வி கேட்க வேண்டுமன்றோ? அந்த நாற்பது பேரும் ஒரே இராசியிலா பிறந்தனர்? ஒரே நாளிலே, ஒரே மேசையிலே, நாற்பது சாதகத்துக்குள்ளும் ஒருசேரப் புகுந்த அந்தச் சனியனுக்கு, ஆலையின் ஆர்டர்ப் புத்தகம் அன்றி வேறு வீடு ஏது?

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே: வேலை இழந்தவர் வெட்கப்பட வேண்டுமா? வயிறு காயும்போது வெட்கத்தைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் அந்த மணலிலே உட்கார்ந்து அவர் இழந்ததைக் கணக்கிட்டுப் பார்த்தபோது திகைத்துப் போனோம்.

தொழிலாளி ஒருவரை ஆட்குறைப்புச் செய்வதாயின், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான ஊதியம். வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு: இது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் வகுத்த முறை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இதைக் கைவிடவில்லை. ஆறாண்டுக்குத் தொண்ணூறு நாள். முன்னறிவிப்புக்கு ஒரு மாதம். ஆக நான்கு மாத ஊதியம். வேலையற்ற ஒரு குடும்பத்துக்கு அது நான்கு மாதச் சோறு! தாமே விலகிக்கொள்பவருக்கு அந்த நான்கு மாதமும் இல்லை. மேலாளர் கேட்டது அவருடைய கையொப்பத்தை அல்ல, அவருடைய நான்கு மாதச் சோற்றை. அதைப் பறிக்க அவர் பயன்படுத்திய கருவி எது? மிரட்டல் அல்ல, தடியடி அல்ல. 'உன் பெயர் கெட்டுவிடும்' என்ற ஒரே வாக்கியம். வெட்கம் என்னும் பூட்டுக்கு அவரிடம் சாவி இருந்தது.

ஆகவே, வெட்கம் வெறும் உள்ளத்து உணர்ச்சி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. அதற்கு ரூபாய்க் கணக்கு உண்டு.

முக்கூடற்பள்ளில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. உழவன் வயல் வேலையை மறந்து இளைய மனைவியின் வீட்டிலே கிடக்கிறான். மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் உழவனைத் தொழுமரத்தில் மாட்டிவிடுகிறான். காலை மரத்துளையில் பூட்டி வைத்து, ஊரார் காண உட்கார வைப்பது அந்நாளைய தண்டனை. புலவர்கள் இந்தப் பகுதியின் நகைச்சுவையை வியந்து பேசுவார்கள். உழைப்பவன் காலைப் பண்ணைக்காரன் பூட்டும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. அது நிற்க. அந்த உழவன் மீது ஒரு குற்றச்சாட்டாவது இருந்தது; வேலையிருந்தும் செய்யவில்லை என்பது. நம் இளைஞரோ வேலை செய்துகொண்டிருந்தவர். வேலைதான் அவரை விட்டுப் போயிற்று. எனினும் தொழுமரத்தில் இருக்கிறார். இந்த முறை பண்ணைக்காரனுக்கு அந்த வேலையும் மிச்சம். தன் காலைத் தானே பூட்டிக்கொண்டு, பகலெல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார் உழைப்பாளி!

'திறமையிருந்தால் வேலை கிடைக்கும்' என்று திண்ணையிலே உட்கார்ந்து தீர்ப்புக் கூறுவோர் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அவர்களிடம் கேட்போம். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1933இல் அமெரிக்காவிலே உழைப்பவரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையின்றி நின்றார். நான்கு ஆண்டுக்குள் அந்த நாட்டின் கால்பங்கு உழைப்பாளர் தங்கள் திறமையை எங்கே தொலைத்தனர்? ரப்பர் விலை வீழ்ந்தவுடன், மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்களே, காட்டை அழித்துத் தோட்டமாக்கிய அந்தக் கைகள் கப்பலேறும் நாளன்றா சோம்பேறிக் கைகளாயின? 2020 மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அடுத்த காலாண்டில் நாட்டின் உற்பத்தி 23.9 விழுக்காடு சுருங்கியது என்று அரசே முதலில் அறிவித்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, திருப்பூரின் பின்னலாடைத் தொழில் கலங்கிற்று. இறால் ஏற்றுமதி கலங்கிற்று. வாசிங்டனில் ஒருவர் போட்ட கையொப்பத்துக்குத் திருப்பூரில் தையல் பொறி நின்றது என்றால், அந்தப் பொறியின் முன் உட்கார்ந்திருந்த பெண்ணின் பத்துப் பொருத்தத்தையா பார்க்க வேண்டும்?

இதுவரையில் நம் தோழர்கள் நம்மோடு வருவார்கள், கைதட்டவும் செய்வார்கள். இனிமேல் சொல்வது அவர்களுக்குச் சற்றுக் கசக்கும்.

தலைவிதி என்று சொல்லிப் படுத்துவிடுவது ஒரு நோய். 'எல்லாம் பொருளாதார அமைப்பின் கேடு, தனிமனிதன் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று சொல்லிப் படுத்துவிடுவதும் அதே நோய்தான். பஞ்சாங்கத்துக்குப் பதில் பொருளாதார நூலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார், அவ்வளவே வேறுபாடு! காரணம் வெளியே இருக்கிறது என்று அறிவது, குற்றவுணர்ச்சியிலிருந்து விடுபடுவதற்கு. கடமையிலிருந்து விடுபடுவதற்கு அன்று. வெள்ளம் வந்தது நம் பிழையால் அல்ல. ஆயினும் வீட்டுச் சாமானை மேட்டுக்கு ஏற்றுவது நம் வேலை. பொருநைக் கரையில் வாழ்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படுத்துவிடுவது எவ்வளவு எளிது என்பதற்கு ஒரு சான்று தருகிறோம். ஆஸ்திரியா நாட்டிலே, வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்றோர் ஆலைச் சிற்றூர். பாபநாசம் மலையடியிலே ஹார்வி ஆலையின் சங்கொலியைக் கேட்டு எழுந்த விக்கிரமசிங்கபுரத்தைப் போல, நெசவாலை ஒன்றையே நம்பி வாழ்ந்த ஊர். உலக மந்தத்தில் ஆலை மூடப்பட்டது; ஊரே வேலை இழந்தது. மாரி யகோடா, பால் லாசர்ஸ்பெல்டு, ஹான்ஸ் சைசல் என்ற ஆராய்ச்சியாளர்கள் அங்கே சென்று, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கூர்ந்து நோக்கி, 1933இல் நூலாக வெளியிட்டனர். பசித்தவர்கள் பொங்கி எழுவார்கள் என்று எதிர்பார்ப்போமன்றோ? அவர்கள் கண்டது வேறு. பொழுது மிகுந்திருந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது 1929க்கும் 1931க்கும் இடையே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கட்சி இதழை வாங்குவோர் குறைந்தனர். மன்றங்கள் உறுப்பினரை இழந்தன. ஆடவரின் நடையே தளர்ந்துவிட்டது. தெருவைக் கடப்பதற்குள் பலமுறை நின்று நின்று சென்றனர். சமைக்கவும் பிள்ளைகளைப் பேணவும் வேண்டியிருந்த பெண்களின் நடையில் மட்டும் விரைவு இருந்தது.

வறுமை தானாகவே போராளியை உண்டாக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும் தோழர்கள் இந்த ஊரை நினைவில் வைக்க வேண்டும். வேலை போனவுடன் படிப்பகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாரே அந்தச் சீவலப்பேரி இளைஞர், அவரும் மரியந்தால் தெருவில்தான் நடக்கிறார்.

வேலைக்குத் திரும்பும் வழி என்ன? கிடைத்த வேலையைச் செய் என்கிறார்கள். சரிதான். ஆனால் இதற்குள் இரண்டு பொருள் இருக்கிறது. படித்த படிப்புக்குக் குறைந்த வேலையைச் செய்வது ஒன்று. செய்யும் வேலைக்குக் குறைந்த கூலியை ஏற்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதிலே சிலருக்கு ஆதாயம் உண்டு.

முதலாவதிலே வெட்கத்துக்கு இடமே இல்லை. பட்டயம் பெற்ற கை மண்வெட்டி பிடித்தால் பட்டயம் அழிந்துவிடுமா? கையால் செய்யும் வேலையைத் தாழ்ந்தது என்றும், உட்கார்ந்து செய்யும் வேலையை உயர்ந்தது என்றும் எண்ணுகிற எண்ணம் நம் மூளையில் முளைத்தது அல்ல. பிறப்பால் தொழிலைப் பிரித்தவர்கள் நட்டுவிட்டுப் போனது. சாதியை மறுத்துப் பேசிவிட்டு, சாதி தந்த இந்த வெட்கத்தை மட்டும் சட்டைப்பையில் வைத்திருக்கும் தோழர்கள் பலரை நாம் அறிவோம். (ஒரு சொல் இடையிலே: 'எத்தொழிலும் இழிவில்லை' என்று முழங்குவோர், கழிவுநீர்க் குழிக்குள் மனிதனை இறக்கும்போதும் அதையே சொல்வார்களானால், அது சமத்துவம் அன்று, ஏமாற்று. எவருக்குமே கொடுக்கக் கூடாத வேலை என்று ஒன்று உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது அதைத்தான்.)

இரண்டாவதுதான் சிக்கல். கோடையிலே ஆறு வற்றும்போது மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். பக்கத்து ஊற்றைவிட ஒரு சாண் ஆழமாகத் தோண்டியவருக்குத் தண்ணீர் கிடைக்கும். அவர் செய்தது அவருக்கு அறிவுடைமை. அதைப் பார்த்து எல்லோரும் ஒரு சாண் தோண்டினால்? தண்ணீர் கூடுவதில்லை; எல்லோருக்கும் ஒரு சாண் இறங்கி நிற்கிறது. கூலியும் அப்படியே. ஒருவர் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டு வேலை பெறலாம். ஊரே குறைத்துக்கொண்டால் வேலை கூடிவிடாது. அந்தக் கூலியைக் கொண்டு கடையிலே வாங்குவோர் குறைவார்கள், கடைக்குச் சரக்குச் செய்யும் ஆலையில் இன்னும் நாலு பேர் வெளியேறுவார்கள். 1936இல் கெய்ன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலறிஞர் பெருநூல் எழுதி வாதாடிய கருத்துகளில் இதுவும் ஒன்று. தனியொருவருக்கு நன்மையான அறிவுரை, எல்லோரும் பின்பற்றினால் எல்லோருக்கும் கேடாகலாம்.

அப்படியானால், பிள்ளைக்குப் பால் வாங்கக் காசில்லாமல் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டவரைக் கருங்காலி என்று ஏசுவதா? நமக்கு மனம் வரவில்லை, முறையும் அன்று. வேலைநிறுத்தத்தை உடைக்கப் போனவர் வேறு, பசியால் பணிந்தவர் வேறு. ஆனால் ஒரு கோடு இருக்கிறது. சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்குவதற்குத் தனியொருவரின் ஒப்புதல் செல்லாது. 1948 முதல் இந்த நாட்டில் அது உரிமை. அந்தக் கோட்டைத் தனியாக நின்று காப்பது அரிது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர், வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க, வேலையை நிறுத்தி ஒன்பது நாளிலே கூலி உயர்வு பெற்றார்கள். தனித்தனியே மேலாளரின் அறைக்குள் அழைக்கப்பட்டிருந்தால், தனித்தனியே கையொப்பம் இட்டிருப்பார்கள்.

ஒப்புதல் என்ற சொல்லிலே சற்று நிற்க வேண்டும். 'அவரே விருப்பப்பட்டுத்தானே எழுதிக் கொடுத்தார்?' என்று கேட்பார்கள். இந்த ஆற்றின் தலைமாட்டிலே, மேற்கு மலையிலே மாஞ்சோலை இருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு மலையை எடுத்த பம்பாய் பர்மா நிறுவனத்தின் தேயிலைத் தோட்டம். அட்டைக்கடியிலும் மழையிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் 1999இல் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். அவர்களுக்காக சூலை 23ஆம் நாள் நெல்லையில் நடந்த ஊர்வலத்தின் மீது தடியடி விழ, இதே பொருநையிலே 17 உயிர்கள் மாய்ந்தன. குத்தகைக் காலம் முடிவதற்கு முன்பே, 2024இல், நிறுவனம் வெளியேற முடிவு செய்து, தொழிலாளர்களிடம் நீட்டிய தாளின் பெயர் என்ன தெரியுமா? 'விருப்ப ஓய்வு'! வேலையும் இல்லை, வீடும் தோட்டத்துக்கு உரியது, மலையை விட்டால் மண் இல்லை என்ற நிலையிலே இடும் கையொப்பத்துக்கு விருப்பம் என்று பெயர் சூட்டிய தமிழை என்னென்பது!

மறுத்தால் வாழ வேறு வழி உண்டு என்றிருக்கும்போதுதான் ஒப்புதல் ஒப்புதலாகும். வழி ஒன்றே என்றால் அது பணிதல். பணிந்தவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பணிய வைத்துவிட்டு, 'விரும்பினார்' என்று ஏட்டிலே எழுதிக்கொள்ளும் நாகரிகத்தைத்தான் நாம் கேள்வி கேட்கிறோம். வெட்கம் அங்கேயல்லவா இருக்க வேண்டும்?

ஆகவே வேலை தேடும் இளைஞருக்கு நாம் கூறக்கூடியது இது. விலகல் தாளை யார் நீட்டினாலும், அங்கேயே, அப்போதே கையொப்பம் இடவேண்டா. ஒருநாள் தவணை கேட்டுத் தொழிற்சங்கத்தாரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டுங்கள். வேலை போன அன்றே வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். விடுமுறை என்று சொன்ன பொய்யைக் காக்க மாதாமாதம் கடன் வாங்க நேரிடும். நகையை அடகு வைப்பதாயின் அரிசிக்கு வையுங்கள், பரிகாரத்துக்கு வைக்காதீர்கள். வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவன் வாசலில் நின்றால் கதவை மூடுங்கள். கணினி வேலை என்று ஆசை காட்டிக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் அழைத்துச் செல்லப்பட்டு, இணையமோசடிக் கும்பல்களிடம் அடைபட்டு, 2022 முதல் மீட்டுக் கொண்டுவரப்பட்டவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு. தன் நிலையை நாலு பேரிடம் சொல்லக் கூசி, யாரிடமும் கேட்காமல் புறப்படுபவரைத்தான் தரகன் தேடுகிறான்.

'ஏதாவது புதிதாகப் படி' என்பதும் எல்லோரும் கூறும் அறிவுரை. எதைப் படிப்பது என்று அவர்கள் கூறுவதில்லை, அவர்களுக்கும் தெரியாது. கையிலிருக்கும் தொழிலுக்கு அடுத்த வீட்டுத் தொழிலைப் பழகுவது நன்று என்பது நம் கருத்து. கடைசல் தெரிந்தவருக்கு நீரிறைக்கும் பொறியைப் பழுது பார்ப்பது பத்து நாள் வேலை. சிற்றாற்றங்கரையில், இதே வட்டாரத்தில் கங்கைகொண்டான் தொழிற்பேட்டை இருக்கிறது. சூரிய மின்கலம் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று 2024இல் அங்கே இயங்கத் தொடங்கியது. வேலை கிடைக்கும் என்று நாம் உறுதி கூறவில்லை. ஆனால் நான்கு மாதமாக அந்த வாயிலுக்கு ஒருமுறையேனும் போய்க் கேட்டீர்களா என்று அந்த இளைஞரிடம் கேட்டபோது, பகலில்தானே போகவேண்டும் அண்ணாச்சி என்றார்.

மற்றொன்றும் கேட்டோம். பணிக்கொடையை வாங்கினீர்களா? ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம். தாமே விலகினாலும் அந்த உரிமை போவதில்லை. அவருக்கு அது தெரியவில்லை. கேட்கத் தாமதமானதால் மட்டுமே அது அழிந்துவிடுவதுமில்லை என்று கூறி, காலையில் படிப்பகத்துக்கு வாருங்கள், சேர்ந்து விண்ணப்பம் எழுதலாம் என்றோம். காலையிலா என்று இருமுறை கேட்டார்.

வந்தார். பத்து மணி வெயிலில், கடைத்தெரு வழியாகத்தான் வரவேண்டியிருந்தது. வழியில் இருவர் கேட்டார்களாம்; வேலை போய்விட்டது என்று சொல்லிவிட்டாராம். அவர்களில் ஒருவரின் மகனும் கோவையிலிருந்து திரும்பி வந்து வீட்டுக்குள்தான் இருக்கிறானாம். விண்ணப்பத்தை அவரே எழுதினார். 'அடியேன் மீது கருணை கூர்ந்து' என்று தொடங்கியிருந்தார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. படித்துப் பார்த்துவிட்டு, அந்த வரியை அவரே அடித்து, 'எனக்குச் சேரவேண்டிய பணிக்கொடையை' என்று எழுதினார்.